கோயில் சாத்துமா, சாத்திக்கொண்டிருக்கிறதா?

மதுரை ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பதினோரு வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். என் இங்கிலீஷ் முழுக்க அந்த மேசையில் கற்றதுதான். வாங்கிய அடிகளில் பெரியது, வினையின் வாலில் ஒட்டும் ஒரு 'இங்'கால் (-ing) வாங்கியது.

காலை ஒன்பதே கால் இருக்கும். பிரான்ஸிலிருந்து வந்த ஒரு அம்மா தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றார். மீனாட்சியம்மன் கோயில் மதியம் நடை சாத்துவார்களா என்று கேட்டார். நான் ரொம்பப் பணிவாக, "எஸ் மேடம், டெம்பிள் இஸ் குளோசிங்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மாடிக்கே திரும்பிப் போய்விட்டார். 'இதோ சாத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லியிருக்க வேண்டியது, "இட் குளோசஸ் அட் ட்வெல்வ் தர்ட்டி." பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பது தினப்படி வழக்கம். வழக்கத்துக்கு 'குளோசஸ்' மாதிரி சிம்பிள் பிரசென்ட்தான், 'இஸ் குளோசிங்' மாதிரி 'இங்' போட்ட கன்டின்யுவஸ் இல்லை.

நம்மை மாட்டிவிடுவது 'கிற'. 'டீ குடிக்கிறேன்' என்றால் இப்போது கையில் டம்ளர் இருக்கலாம், தினமும் குடிக்கிற பழக்கமாகவும் இருக்கலாம். தமிழில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கும். இங்கிலீஷில் அதற்கு இரண்டு வழி. அதனால் 'கிற'வை வைத்து முடிவு பண்ணாதீர்கள். தமிழிலேயே இதைவிட நல்ல கருவி இருக்கிறது.

வாக்கியத்தின் முன்னால் 'வழக்கமாக' என்று போட்டு, வினையை 'உம்' என்று முடித்துப் பாருங்கள். கோயில் மதியம் சாத்தும். பஸ் ஆறு மணிக்குக் கிளம்பும். ஆள் என்றால் 'எழுந்திருப்பேன்', 'வருவார்' என்று வரும். காதுக்குச் சரியாக இருந்தால் சிம்பிள்: "தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்", "ஐ கெட் அப் அட் ஃபைவ்". அவன், அவள், அது என்றால் வினையோடு ஒரு 'ஸ்' ஒட்டும், அதை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். மாறாக, 'கொண்டிருக்கிறது' போட்டால்தான் பொருள் சரியாக வருகிறது என்றால் 'இங்' போடலாம்.

இல்லை என்று சொல்லும்போது இந்தக் கருவி இன்னும் கூர்மை. எங்கள் லாட்ஜில் அடிக்கடி வந்த புகார், சுடுதண்ணீர். 'இந்த ரூமில் சுடுதண்ணீர் வராது' என்றால் "ஹாட் வாட்டர் டஸ்ன்ட் கம் இன் திஸ் ரூம்". அந்த ரூமே அப்படித்தான் என்று அர்த்தம், கேட்டவர் வேறு ரூம் கேட்பார். 'சுடுதண்ணீர் இப்போ வரலை' என்றால் "ஹாட் வாட்டர் இஸ்ன்ட் கமிங்". ஹீட்டர் போட மறந்திருப்பார்கள், பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்வார். வராது, வரலை: இந்த வித்தியாசம் நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோனால் போதும்.

தெரியும், பிடிக்கும், வேண்டும். இவை மூன்றும் ஏற்கெனவே 'உம்'மில்தான் முடிகின்றன, கவனித்தீர்களா? இங்கிலீஷிலும் இவை சிம்பிள்தான்: "ஐ நோ", "ஐ லைக்", "ஐ வான்ட்". "ஐ ஆம் நோயிங்" என்பது 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொல்வது போல. தமிழிலேயே யாரும் அப்படிப் பேசுவதில்லை. மெக்டொனால்ட்ஸ் 2003-இல் "ஐயம் லவ்வின் இட்" என்று விளம்பரம் போட்டார்கள். வழக்கமாக 'லவ்' இப்படி 'இங்' ஏற்காது, அதனால்தான் அது காதில் தனித்து நிற்கிறது. விளம்பரத்துக்கு அது சரி, இன்டர்வியூவில் வேண்டாம்.

'நினைக்கிறேன்' இந்தக் கருவியை ஏமாற்றும். அது 'கிற'வில் முடிந்தாலும் கருத்துச் சொல்லும்போது "ஐ திங்க்". 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றால்தான் "ஐ ஆம் திங்கிங்". எங்கள் போர்டில் எழுதியிருந்த "வீ ஆர் ஹேவிங் ஏசி ரூம்ஸ்" தப்பு. 'எங்களிடம் இருக்கிறது' என்றால் "வீ ஹேவ்" மட்டும். ஆனால் டீயோ சாப்பாடோ நடந்துகொண்டிருந்தால் "வீ ஆர் ஹேவிங் லஞ்ச்" தாராளமாகச் சொல்லலாம்.

கொஞ்ச காலத்துக்கு மட்டும் உள்ள விஷயத்துக்கும் 'இங்' வரும், அந்த நிமிஷம் நடக்க வேண்டும் என்றில்லை. தெருவில் நின்று கொய்யாப்பழம் வாங்கும்போதும் அந்த அம்மா "ஐ ஆம் ஸ்டேயிங் அட் எ லாட்ஜ்" என்றுதான் சொல்வார், தங்கியிருப்பது நாலு நாள்தானே. சொந்த ஊரைச் சொல்லும்போது "ஐ லிவ் இன்" என்று ஆரம்பிப்பார். அப்புறம், ஏற்பாடு பண்ணிவிட்ட நாளைய பயணத்துக்கும் 'இங்' உண்டு: "வீ ஆர் கோயிங் டு ராமேஸ்வரம் டுமாரோ". நாமும் 'நாளைக்கு ராமேஸ்வரம் போகிறோம்' என்றுதானே சொல்கிறோம், இங்கே பிரச்சினையே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி ஜோடி. "வாட் டூ யூ டூ?" என்று கேட்டால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். "வாட் ஆர் யூ டூயிங்?" என்றால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பையன், முதல் கேள்விக்கு ஒரு ஜெர்மன்காரரிடம் "ஐ ஆம் ஸ்டாண்டிங், சார்" என்று பதில் சொன்னான். அவரும் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.