அப்பாவுக்கு காது கேக்குது, ஆனா புரியல: என்ன பண்ணலாம்?

எங்கப்பா முப்பது வருஷம் பள்ளிபாளையத்துல தறி ஓட்டினவரு. வீட்ல அவரைப் பத்தி எல்லாருக்கும் ஒரே கம்ப்ளைன்ட், "சும்மா கூப்ட்டா கேக்காது, காசுப் பேச்சுன்னா மட்டும் நல்லா கேக்கும்". நானும் வேணும்னுதான் பண்றாருன்னு நெனச்சிட்டு ரெண்டு வருஷத்த வேஸ்ட் பண்ணிட்டேன், உங்க வீட்ல இப்டி ஒருத்தர் இருந்தா நீங்களும் அதையே பண்ணாதீங்க.

வயசாலயோ சத்தத்தாலயோ காது போகும்போது எல்லா சத்தமும் ஒண்ணா கொறையாதுங்க, கீச்சுன்னு இருக்கற சத்தம்தான் மொதல்ல போகும். ஆ, ஓ எல்லாம் கேக்கும், க ச த எல்லாம் தேஞ்சிடும். "கடை சாத்தியாச்சா"ன்னு கேட்டா யாரோ பேசறாங்கன்னு தெரியும், கடையா சடையா தடையான்னு தெரியாது. மாமா பேசினா புரியும், பேத்தி பேசினா புரியாது. அதப் பாத்துட்டுதான் நாம "வேண்டியது மட்டும் கேக்குது"ங்கறோம்.

வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். அவருக்குப் பின்னாடி ஒரு கை தூரத்துல நில்லுங்க (முன்னாடி நின்னா உதட்டப் பாத்து சொல்லிடுவாரு, எங்கப்பா அப்டித்தான் பாஸ் ஆனாரு). ஒரு காத விரலால மூடி லேசா தேய்க்கச் சொல்லுங்க, நீங்க மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு குசுகுசுன்னு "நாலு, ம, ஏழு" மாதிரி மூணு சொல்லுங்க. தப்பா சொன்னா வேற மூணு சொல்லிப் பாருங்க. மொத்தம் ஆறுல மூணுக்கு மேல தப்புன்னா டாக்டர பாக்கணும். ரெண்டு காதுக்கும் தனித்தனியா.

மொதல்ல ஈஎன்டி டாக்டர், காது மெஷின் கடை அப்புறம். சில சமயம் வெறும் அழுக்கு அடைப்பா இருக்கும், பட்ஸ் போட்டு நாமளே உள்ள தள்ளி வெச்சிருப்போம். காதுச் சவ்வுல ஓட்டை இருக்கலாம், அதனால எண்ணெய் காய்ச்சி ஊத்தற வேலையே வேணாம். என்ன மருந்து சாப்ட்டாரு, என்ன ஊசி போட்டாருன்னு சொல்லுங்க, ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் மாதிரி சிலது காத பாதிக்கும். காலைல எந்திரிச்சதும் ஒரு காது திடீர்னு கேக்கலன்னா மட்டும் நாள் பாக்காதீங்க, அன்னிக்கே ஓடுங்க. ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் திரும்பக் கெடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, ரெண்டு வாரம் தாண்டினா ரொம்ப கஷ்டம்.

அப்புறம் ஆடியோகிராம் எடுப்பாங்க, எந்தச் சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு காட்டற கிராஃப் அது. செவப்பு வட்டம் வலது காது, நீல எக்ஸ் குறி இடது. எங்கப்பாவோட கோடு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட, அதாவது கீச்சு சத்தம் இருக்கற எடத்துல, பள்ளத்துல விழுந்த மாதிரி எறங்கியிருந்துச்சு, அது சத்தத்தால வந்ததோட அடையாளம். சத்தத்த டெசிபல்லதான் அளப்பாங்க, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம்னு கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிடும், 94ன்னா ஒரு மணி நேரம்தான். கை தூரத்துல இருக்கறவன்கிட்டயே கத்திப் பேச வேண்டியிருந்தா 85 தாண்டிருச்சுன்னு வெச்சுக்கலாம், தறிப்பட்டறைல தெனமும் அதான். காதுல பஞ்சு வெச்சதெல்லாம் பெருசா பிரயோஜனமில்ல, ஃபோம் இயர்பிளக் வெச்சிருக்கணும். ஒரு காதுல சத்தத்த உணர்ற முடி செல் ஒரு பதினஞ்சாயிரம் இருக்கு, செத்தா திரும்ப மொளைக்காது.

வயசானா இதெல்லாம் சகஜம்னு விடாதீங்க. 2020ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட கமிஷன் ரிப்போர்ட்ல டிமென்ஷியாவுக்கு (மறதி நோய்க்கு) நாம மாத்தக்கூடிய காரணங்கள் லிஸ்ட்ல காது மந்தமும் இருக்கு. அதுக்கும் முன்னாடி மனுஷன் கல்யாணம் காட்சிக்குப் போறதையே நிறுத்திடுவாரு.

மெஷின் வாங்கினா மொத நாளே காலைலருந்து ராத்திரி வரைக்கும் போடச் சொல்லாதீங்க. வீட்டுக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. ஸ்பூன் சத்தம், குக்கர் விசில் எல்லாம் மண்டைல அடிக்குதும்பாரு, அது மூளை பழகற வரைக்கும். ரொம்ப தொந்தரவுன்னா ஆடியாலஜிஸ்ட்கிட்ட (காது டெஸ்ட் பண்ணி மெஷின் செட் பண்றவர்) திரும்ப ட்யூன் பண்ணிக்கலாம், கழட்டி பீரோல வெச்சிடாதீங்க. குளிக்கறப்ப மறக்காம கழட்டணும்.

நாமளும் கத்தறத நிறுத்தணும், கத்தினா எழுத்து இன்னும் கொழம்பும். பேர் சொல்லி கூப்ட்டு, மொகத்தப் பாத்து, மிக்சிய ஆஃப் பண்ணிட்டு நிதானமா பேசுங்க. புரியலன்னா அதே வார்த்தைய திருப்பாம வேற மாதிரி சொல்லுங்க.

மெஷினுக்குப் போடற பட்டன் பேட்டரில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர பிச்சதும் ஒரு நிமிஷம் காத்துல வெச்சிட்டு அப்புறம் போடுங்க, நல்லா உழைக்கும். 312 சைஸ்னா ஸ்டிக்கர் ப்ரவுன் கலர். எங்கப்பா அத தூக்கிப் போடாம மாசக் காலண்டர்ல அன்னிக்குத் தேதி மேல ஒட்டிடறாரு, அடுத்தது எப்ப மாத்தணும்னு யாரையும் கேக்கறதில்ல.