‘கடுப்பு’ என்ற சொல்லை இடமறிந்து எழுதுவது எப்படி?

கெளுத்தியை வலையிலிருந்து கழற்றும்போது அதன் முள் விரலில் ஏறிவிட்டால், பாம்பன் கரையில் நிற்பவருக்கு ‘வலிக்கிறது’ என்ற சொல் போதாது. ‘கடுக்கிறது’ என்றால்தான் அந்த வேதனையின் தன்மை விளங்கும். விண்ணென்று தெறித்து, உள்ளே இறங்கி, நெடுநேரம் தங்கும் நோவு அது. நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு, கால் கடுக்க நிற்பது ஆகிய வழக்குகளிலும் இந்த உடல்நோவே இருக்கிறது. மனநிலையைக் குறிக்க இச்சொல்லை எடுப்பவர் முதலில் இப்பொருளை நினைவில் கொள்ள வேண்டும்.

‘கடு’ என்னும் வினையடியோடு ‘ப்பு’ விகுதி சேர்ந்து பிறந்த பெயர் இது. 706ஆம் குறளில் ‘நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்று வருவதைச் சிலர் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் பரிமேலழகர் அதற்கு ‘மிக்கது’ என்றே பொருள் கொள்கிறார். நெஞ்சில் மிகுவது மகிழ்ச்சியாகவும் இருக்கலாம் என்பதால், இன்றைய பொருளை அந்தக் குறளின்மேல் ஏற்றுவது பொருந்தாது.

எரிச்சலையும் கடுப்பையும் ஒன்றாக்கிவிடுவதே எழுதுவோர் பெரிதும் செய்யும் பிழை. சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்ட தோலும், வாலிநோக்கத்து உப்பளத்தில் உப்புநீர் பட்ட பாதவெடிப்பும் எரியும். அவற்றைக் கடுப்பு என்பதில்லை. மனத்திலும் அப்படித்தான். ஒரே கேள்வியை ஒருவர் மூன்றாம் முறை கேட்டால் வருவது எரிச்சல். படகில் டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி, ஆட்களையும் வரவழைத்த பிறகு, புயல் எச்சரிக்கையால் இன்று கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது என்று தெரியவந்தால், யார்மீதும் குற்றம் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் தங்குகிறதே, அது கடுப்பு. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, “என்ன மாப்ள, இன்னும் போகலையா?” என்று சிரித்தால், அவர் செய்வது கடுப்பேற்றுதல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகைக் கட்டிவைத்துவிட்டுக் கடலையே பார்த்திருப்பதற்கோ சலிப்பு என்பதே சரியான பெயர். வயிற்றெரிச்சல் இவற்றோடு சேராது. அதில் பொறாமையின் வாடை உண்டு.

கடுப்பு நாமே செய்வதன்று, நமக்கு நேர்வது. ஆகவே ‘எனக்குக் கடுப்பாக இருக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் எழுதுக. ‘அவர் கடுப்பாகிவிட்டார்’ என்பதும் வழக்கே.

சமவயதினரிடம் தாராளமாகப் புழங்கும் இச்சொல்லைப் பெரியவரிடம் சொன்னால் மரியாதைக்குறைவாகப் படும். அங்கே ‘மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பது போதும். அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் உணர்வுப்பெயரே வேண்டாம். எத்தனை நாள், எதற்காக அலைய நேர்ந்தது என்பதை மட்டும் எழுதினால், படிப்பவருக்கு மற்றது தானே விளங்கும்.