கார் ஷெட்டைப் படுக்கையறை ஆக்கப் போகிறீர்களா? முதலில் தரைக்கு அடியில் பாருங்கள்

வயதான அப்பா அம்மாவால் மாடி ஏற முடியவில்லை, கீழே ஒரு ரூம் வேண்டும். கார் ஷெட்டை அறையாக மாற்றக் கேட்பவர்களில் பாதிப்பேர் சொல்லும் காரணம் இதுதான். மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் பழைய வீடுகளில் கார் தெருவில் நிற்கும். ஷெட்டுக்குள் ஓடாத வண்டியும் அட்டைப்பெட்டிகளும் குடியிருக்கும். "ஷட்டரை எடுத்துட்டு ஒரு சுவர் வச்சா ரூம் ரெடி சார்" என்று கொத்தனார் சொல்வார். சுவர் வைப்பது உண்மையிலேயே எளிதுதான். சிக்கல் தரைக்குக் கீழேயும் கூரைக்கு மேலேயும் இருக்கிறது.

முதல் படி: மூடி எங்கே இருக்கிறது?

நம் ஊரில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில் தண்ணீர் சம்ப்போ செப்டிக் டேங்க்கோ இருப்பது சர்வ சாதாரணம். சிலர் மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கட்டிய மேஸ்திரியைக் கேளுங்கள், பழைய வரைபடத்தைப் பாருங்கள், கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பின்தொடருங்கள்.

செப்டிக் டேங்க் என்றால் என் கருத்து ஒன்றுதான்: டேங்கை வெளியே மாற்ற இடமும் பணமும் இருந்தால் தவிர இந்த யோசனையை விட்டுவிடுங்கள். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உருவாகும். லாரி வந்து உறிஞ்ச வேண்டுமானால் மூடியைத் திறந்தாக வேண்டும். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு எப்படித் திறப்பீர்கள்? (ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், அதையும் நினைவில் வையுங்கள்.)

சம்ப் என்றால் வழி உண்டு. மூடி வாசல் ஓரமாக இருந்தால், புதுச் சுவரை ஓரிரு அடி உள்ளே தள்ளி எழுப்பி மூடியை வெளியே விட்டுவிடலாம். நடுவில் இருந்தால் அந்தத் தொட்டியைக் கைவிட்டு, தொட்டியின் அடித்தரையில் துளை போட்டு, மணலை அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி மூட வேண்டும். அதற்கு முன் வெளியே வேறு தொட்டி தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடே தண்ணீருக்குத் தவிக்கும்.

அப்புறம் இ.பி. மீட்டர். அது ஷெட் சுவரில் இருந்தால், ரீடிங் எடுக்க வருபவர் உங்கள் படுக்கையறைக்குள் வர முடியாது. இடம் மாற்றித்தர மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சீலில் யாரும் கை வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: அனுமதி

அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் 'பார்க்கிங்' என்று குறிக்கப்பட்டிருந்தால், மாற்றுவதற்கு முன் மாநகராட்சியில் அல்லது உங்கள் ஊராட்சியில் கேட்டுவிடுங்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் மூலம் போவது நல்லது. அறை கூடினால் சொத்து வரியும் மாறலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் என்றால் பேச்சே வேண்டாம்.

மூன்றாம் படி: டேப்பை எடுங்கள்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வாழும் அறைக்கு உயரம் 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி இருக்கச் சொல்கிறது. பரப்பு 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டர். 10-க்கு 18 அடி ஷெட் என்றால் பரப்பில் கவலையில்லை. உயரம்தான் ஏமாற்றும். ஷெட் தரையிலிருந்து அளக்காதீர்கள். ஹால் தரை மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, அங்கிருந்து கூரைக்கு அளங்கள். தரையை அதுவரை உயர்த்தத்தான் போகிறோம்.

நான்காம் படி: கூரை

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை என்றால், அதைக் கான்கிரீட்டாக மாற்றாமல் மேற்கொண்டு போகாதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் அது அறை இல்லை, அடுப்பு. கான்கிரீட் கூரையாக இருந்து, மேலே மாடி இல்லாமல் வெயில் நேராக விழுந்தால், முதலில் நீர்க்கசிவைச் சரிசெய்துவிட்டு வெள்ளை கூல் டைல்ஸ் பதியுங்கள். ஏசி வாங்கும் காசில் ஒரு பகுதியை இங்கே போடுவது லாபம். மழைநீர்க் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்பதையும் ஐப்பசிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஷட்டரும் சுவரும்

ரோலிங் ஷட்டரின் உருளைக்குள் ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் கையைப் பதம் பார்த்துவிடும். ஷட்டர் போடுகிறவரையே கூப்பிட்டுக் கழற்றுங்கள். இரும்பு எடைக்குப் போகும்.

அடுத்து வாசலில் ஓரடி தோண்டிப் பாருங்கள். கார் ஏற வசதியாக அந்த இடத்தில் மட்டும் பெல்ட் (சுவருக்கு அடியில் தூணுக்குத் தூண் ஓடும் கான்கிரீட் பீம்) போடாமல் விட்டிருப்பார்கள். பெல்ட் இல்லாத இடத்தில் சுவர் எழுப்பினால் அது இறங்கும், விரிசல் விடும். இரண்டு பக்கத் தூண்களிலும் துளையிட்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கெமிக்கல் பசை வைத்துக் கம்பி செருகி, புது பெல்ட் ஓட்டுங்கள். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் கரிசல் மண் என்றால் கூடுதல் கவனம்: மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் மண் அது. பெல்ட்டுக்குக் கீழே கரிசலை வெட்டி எடுத்துவிட்டு மணல் நிரப்புங்கள். கம்பி அளவைப் பொறியாளர் சொல்லட்டும்.

பெல்ட் மேல் நீர்த்தடுப்புக் கலவை பூசி, அதன் மேல் செங்கல் வரிசை. மேற்கு பார்த்த வாசலென்றால் 9 இஞ்சுச் சுவர்தான், நாலரை இஞ்சு வேண்டாம். பழைய தூணும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் இரண்டடிக்கு ஒரு கம்பி செருகி, பூசுவதற்கு முன் கோழி வலை அடியுங்கள். அதை விட்டால் அந்தக் கோடு கட்டாயம் விரியும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது.

வாசல் முழுவதையும் அடைத்துவிடாதீர்கள், காற்று வர இருக்கும் பெரிய வழியே அதுதான். தரைப்பரப்பில் 10-ல் 1 பங்காவது ஜன்னல் திறப்பு இருக்கட்டும். 180 சதுர அடிக்கு 5-க்கு 4 அடி ஜன்னல் ஒன்று போதும். எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும்.

ஹாலிலிருந்து உள்ளே வரக் கதவு இல்லையா? ஷெட்டைப் பார்த்த ஹால் ஜன்னல் இருக்கும். அதன் மேல் லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் கான்கிரீட் பட்டை) ஏற்கெனவே இருப்பதால், ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் வெட்டினால் கதவாகிவிடும். தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீட்டில் புதிதாக எங்கேயும் வெட்டாதீர்கள்.

ஒரு விஷயம்: வேலையைத் தையில் தொடங்குங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் கொத்தனாரைத் தேடிப் பயனில்லை.

ஆறாம் படி: தரை

ஷெட் தரை தாழ்வாகவும் வாசல் பக்கம் சரிவாகவும் இருக்கும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் நம் வீடுதான் பள்ளமாகிறது.

எண்ணெய் ஊறிய மேற்பரப்பைக் கொத்தி எடுங்கள். கரையான் மருந்தாகக் குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து, சுவர் ஓரங்களிலும் நிரப்பும் மண்ணிலும் ஊற்றுவார்கள். அனுபவப்பட்ட ஆளிடம் கையுறையோடு செய்யச் சொல்லுங்கள்; பக்கத்தில் சம்ப்போ கிணறோ போரோ இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு கிராவல் நிரப்பி, நனைத்து, திமிசு போட்டு, பாலிதீன் விரித்து, 3 இஞ்சு கான்கிரீட். டைல்ஸ் முடியும்போது ஹால் தரையும் இதுவும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான அறையில் அரை இஞ்சுப் படிகூடத் தடுக்கும். வழுக்காத மேட் டைல்ஸ், 3 அடிக் கதவு.

வெளியே பழைய சாய்தளத்தை உடைத்து, தண்ணீர் சுவரை விட்டு ஓடும்படி வாட்டம் கொடுங்கள்.

ஏழாம் படி: வயரிங், பூச்சு

பூச்சுக்கு முன்பே பைப் பதித்துவிடுங்கள். ஏசிக்கு மெயின் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. வயரும் தனி எம்.சி.பி.யும் (பாரம் கூடினால் தானே விழும் சுவிட்ச்). வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் இதுதான் போடும் சமயம். கட்டில் எங்கே என்று முதலிலேயே தரையில் சாக்பீஸால் வரைந்து, படுத்தபடி கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே பட்டியும் பெயின்ட்டும். ஈரத்தோடு பட்டி பார்த்தால் அடுத்த மழைக்குள் உரிந்துவிடும்.