உடல் எடை ஆய்வுகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சித்திக்குச் சர்க்கரையும் உண்டு, எடையும் கூடுதல். போன வருடம் ஒரு கிளினிக்கில், "ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிட்டு வாங்க" என்றார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒழுங்காக எழுதிக்கொண்டு போனார். காலை: இட்லி 3, காபி. மதியம்: சாதம், கீரைக் கூட்டு, மோர். ராத்திரி: தோசை 2. ஏழு நாளும் ஏறக்குறைய இதேதான். நோட்டைப் புரட்டிய டாக்டர், "இவ்வளவுதான் சாப்பிட்டா இந்த எடை எப்படிம்மா வரும்? பொய் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நோட்டை டிவி ஸ்டாண்டு மேல் போட்ட சித்தி அன்று இரவு சாப்பிடவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவர் கூடவே இருந்தேன். இட்லிப் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினார், கண்ணளவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி இருக்கும். பதினோரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ. பேரன் தட்டில் மிச்சம் வைத்த பாதி தோசை, "வீணாப் போகுதே" என்று அவர் வாய்க்குள் போனது. வடை சுடும்போது உப்புப் பார்க்க ஒன்று. இதில் எதுவுமே அவர் கணக்கில் சாப்பாடு இல்லை, அதனால் நோட்டிலும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு இட்லிக்குச் சமம். தட்டில் பார்த்தால் ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான்.

எடை பற்றிய ஆய்வுகளைப் பல வருடமாகத் தேடிப் படித்து வருகிறேன். அவற்றைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் கடைசியில் யாரோ ஒருவர் அவமானப்படுகிறார் என்பதுதான் என் வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நினைவை அளவு என்று எடுத்துக்கொள்வது

சித்தி கதை 1992இலேயே ஆய்வுக்கூடத்தில் நடந்துவிட்டது. "தினமும் 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்று சொன்னவர்களை நியூயார்க்கில் ஒரு குழு ஆராய்ந்தது. அவர்களில் 10 பேருக்கு ஒரு விசேஷத் தண்ணீர் கொடுத்தார்கள். அதில் இருக்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வழக்கத்தைவிடக் கனமானவை. அந்த ஹைட்ரஜன் உடம்பிலிருந்து தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ தண்ணீராகவும் போகும், நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். சிறுநீரில் இரண்டும் குறைகிற வேகத்தை ஒப்பிட்டால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வந்தது என்று தெரியும். அதிலிருந்து உடம்பு எத்தனை கலோரி எரித்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். யார் நினைவையும் நம்ப வேண்டியதில்லை.

சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியை எரிக்கும் வேகம், அவர்களுக்குச் சரியாகவே இருந்தது. இதை "குண்டாக இருப்பவர்கள் பொய்யர்கள்" என்று படிப்பதுதான் பெரிய தவறு. ஒல்லியானவர்களும் குறைத்துத்தான் சொல்கிறார்கள் என்று இதே முறையில் செய்த வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. எண்ணெயையும் ஒரு வாய் மிச்சத்தையும் நினைவில் வைக்கிற மாதிரி மனித மூளை அமையவில்லை.

ஆக, ஓர் ஆய்வுச் செய்தியைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது, சாப்பாட்டை எப்படி அளந்தார்கள் என்பதைத்தான். கேட்டு எழுதினார்களா, தராசில் வைத்தார்களா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாவது வகை. 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். ஆலையில் அதிகம் பதப்படுத்திய பாக்கெட் உணவு இரண்டு வாரம், சமைத்த சாதாரண உணவு இரண்டு வாரம். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல. வேண்டும் அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் ஆளுக்குத் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கியது. அளவு துல்லியம். ஆனால் 20 பேர், இரண்டிரண்டு வாரம்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டுச் செய்திகளிலும் இதே மாதிரியான சிக்கல் உண்டு. காலையில் சாப்பிடாதவர்கள் குண்டாக இருக்கிறார்கள் என்று சொன்னவை பெரும்பாலும் வெறும் கவனிப்பு ஆய்வுகள். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த 13 சோதனைகளை 2019இல் சேர்த்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிட்டவர்கள்தான் ஒரு நாளைக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டாம். தாழ் சர்க்கரை வந்து மயங்கி விழ வாய்ப்புண்டு. டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

7,700 கணக்கு

ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி, தினமும் 500 குறைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ குறையும் என்ற கணக்கை எல்லா ஜிம்மிலும் சொல்வார்கள். 1958இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று எழுதியதன் கிலோ வடிவம் இது. முதல் சில வாரங்களுக்கு ஓரளவு பொருந்தும். அதையே நீட்டிப் பாருங்கள்: தினமும் 100 கலோரி குறைத்தால் பத்து வருடத்தில் 47 கிலோ போய்விட வேண்டும். அப்படி யாருக்கும் போவதில்லை.

எடை குறைந்தால் உடம்பு சின்னதாகிறது, சின்ன உடம்புக்குச் செலவும் குறைவு. ஹால் குழு 2011இல் வெளியிட்ட மாதிரிக் கணக்குப்படி, தினமும் 100 கலோரி குறைத்தால் மொத்தமாக நான்கு, நான்கரை கிலோதான் குறையும். அதில் பாதிக்கு ஒரு வருடம், முழுவதற்கும் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும்.

இதைவிட முக்கியமானது பசி. சர்க்கரை நோய்க்குத் தரும் கனாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை, குளுக்கோஸில் ஒரு பங்கைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஒவ்வொரு நாளும் கலோரி கசிந்துகொண்டே இருக்கும், ஆனால் எவ்வளவு என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. டயட்டில் இருக்கிறோம் என்ற எண்ணமே இல்லாதவர்களின் எடை ஒரு வருடம் எப்படி மாறியது என்பதை வைத்து, பசி எவ்வளவு கூடியது என்று ஹாலும் அவர் கூட்டாளிகளும் 2016இல் கணக்கிட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி தினமும் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடியிருந்தது. உடம்பின் செலவு குறைந்ததோ கிலோவுக்கு 20, 30 கலோரிதான். ஐந்து கிலோ குறைத்தவர் தினமும் 500 கலோரிப் பசியோடு மல்லுக்கட்டுகிறார் என்று அர்த்தம். ஆறாவது மாதம் எடை நின்றுபோனால் "வாயைக் கட்ட முடியல" என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் கூடச் சேர்ந்து திட்டுவார்கள்.

இந்தப் பசி சீக்கிரம் அடங்குவதும் இல்லை. பத்து வாரத்தில் சராசரியாக 13.5 கிலோ குறைத்தவர்களை மெல்போர்னில் ஒரு குழு தொடர்ந்து பார்த்தது. ஒரு வருடம் கழித்தும் பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின், கிரெலின் போன்ற ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இது 2011இல் வெளியானது.

மெட்டபாலிசம் கெட்டுப்போச்சு என்ற முடிவு

அமெரிக்காவில் எடை குறைக்கும் போட்டியாக நடந்த 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியில் பங்கேற்ற 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவை மறுபடி ஏற்றியிருந்தார்கள். அவர்கள் உடம்பு ஓய்வில் எரித்த கலோரி, எதிர்பார்த்ததைவிடத் தினமும் சுமார் 500 குறைவு. 2016இல் இது வெளியானதும், "டயட் இருந்தால் மெட்டபாலிசம் நிரந்தரமாகக் கெட்டுவிடும், அதனால்தான் எடை திரும்புகிறது" என்று ஊரெல்லாம் பேச்சு.

ஆய்வின் உள்ளே வேறு விஷயம் இருந்தது. எடையை அதிகம் தக்கவைத்தவர்களுக்குத்தான் மெட்டபாலிசமும் அதிகம் குறைந்திருந்தது. அது குறைந்ததால் எடை திரும்பியது என்றால் கணக்கு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். அதே ஆட்களின் உடலுழைப்பை 2017இல் தனியாகப் பார்த்தபோது, எடையைத் தக்கவைத்தவர்கள் பழைய நிலையைவிட 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள், மற்றவர்கள் 34 சதவீதம். எடையைக் குறைக்க நடைப்பயிற்சி மட்டும் பெரிதாக உதவாது, குறைத்ததைப் பிடித்து வைக்க உதவும் என்று நான் நம்புவதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நடை செய்யும் நன்மை எடை இறங்காவிட்டாலும் கிடைக்கும். "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையல" என்று நிறுத்திவிடாதீர்கள்.

நாற்பது வயதானால் மெட்டபாலிசம் இறங்கிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 6,400க்கும் மேற்பட்டவர்களிடம் அதே கனத் தண்ணீரால் எடுத்த அளவுகளை 2021இல் தொகுத்தபோது, உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்தால் 20இலிருந்து 60 வயது வரை அது பெரிதாக மாறவே இல்லை.

சராசரியைத் தன் மேல் போட்டுக்கொள்வது

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற சண்டைக்கு ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து ஒரு வருடம் சோதனை செய்தது. 2018இல் முடிவு வந்தது: கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பிரிவிலுமே 30 கிலோ அளவுக்குக் குறைத்தவர்களும் இருந்தார்கள், ஏறக்குறைய 10 கிலோ ஏறியவர்களும் இருந்தார்கள். பேலியோவில் இருபது கிலோ குறைத்த நண்பர் சொல்வது அவருக்கு உண்மைதான். உங்களுக்கும் அதுவே நடக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

இதில் பிறவிக்கும் பங்குண்டு. கனடாவில் கிளாட் புஷார் ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையரான 12 ஜோடி இளைஞர்களுக்கு வாரத்தில் ஆறு நாள் 1,000 கலோரி கூடுதலாக, மொத்தம் 84 நாள் கொடுத்தார். எல்லோருக்கும் அதே கூடுதல் கலோரிதான். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறியது.

பிஎம்ஐ 25க்குள் இருந்தால் போதும் என்பது

2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஐரோப்பியர்களைப் பார்த்து வகுத்த கோடு நமக்குப் பொருந்தாது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே எடை கூடுதல், 25 தாண்டினால் உடல் பருமன் என்று 2009இல் நம் மருத்துவர்கள் கூடி வகுத்தார்கள். சென்னையிலிருந்து டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் குழு வழிநடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய ஆய்வு (2023), பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம் என்றது. தொப்பைக் கணக்கில் பார்த்தால் அதுவே 39.5 சதவீதம்.

ஒரு டேப் வாங்கி வீட்டிலேயே அளக்கலாம். பேண்ட் சைஸைச் சொல்லக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட பிறகு பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஊசியைப் பற்றிப் பேசும்போது

செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் 2025இல் எடைக் குறைப்புக்காகவே இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைடை 68 வாரம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இதைக் காட்டி "பாத்தீங்களா, ஏமாத்து வேலை" என்கிறார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது, அதை யாரும் மாத்திரையின் தோல்வி என்பதில்லை. பசியை அடக்கி வைத்திருந்த மருந்து போனால் பசி திரும்பும். எத்தனை காலம் போட வேண்டும், செலவு தாங்குமா, வாந்தியும் மலச்சிக்கலும் வந்தால் என்ன செய்வது என்று தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னொன்று, அந்த 14.9 சதவீதம் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் கிடைத்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதே மருந்தை அதே அளவில், அதே 68 வாரம் கொடுத்த சோதனையில் குறைந்தது 9.6 சதவீதம். சித்தி எடை 82 கிலோ. பேப்பரில் படித்த எண்ணை வைத்து 12 கிலோ குறையும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார். அவர் நிலையில் இருப்பவர்களுக்கு வந்த சராசரிப்படி கிட்டத்தட்ட எட்டுக் கிலோதான் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.