அண்டத்தின் அளவைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியக் குடும்ப மாதிரி, விண்மீன் திரள் படம், அணு வரைபடம் என்று முதன்முதலாகச் செய்ய வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஒளியாண்டு காலமல்ல, தூரம் என்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். பாடம் நன்றாகத் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளே கீழே இருப்பவை.

ஒரே படத்தில் இரண்டு விகிதம்

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சலூட்டுவது இதுதான். கோள்களின் பருமனுக்கு ஒரு விகிதம், தூரத்துக்கு வேறொரு விகிதம். பார்க்க அழகாக இருக்கும். பார்த்தவர் மனதில் பதிவதோ தவறான கணக்கு. அது தவறு என்று அவருக்குத் தெரியவும் வழியில்லை.

3 மீட்டர் சுவர்ப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் 450 கோடி கி.மீ. தள்ளி நெப்டியூன். அப்படியானால் 1 மி.மீ. என்பது 15 லட்சம் கி.மீ. சூரியனின் விட்டமே 13.9 லட்சம் கி.மீ.தான், படத்தில் 1 மி.மீ.கூட வராது. வியாழன் 0.1 மி.மீ. பூமி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தப் பேனாவாலும் வைக்க முடியாத புள்ளி. இந்த இடத்தில்தான் "பூமியை மட்டும் கொஞ்சம் பெரிசா போட்டுக்கலாமே" என்ற யோசனை வரும். அந்தக் 'கொஞ்சம்' 1 செ.மீ. என்றால், ஏறக்குறைய 1,200 மடங்கு!

அதோடு முடிவதில்லை. அடுத்து நிலவை 2 செ.மீ. தள்ளி ஒட்டுவார்கள். நிலவு இருப்பது பூமியின் விட்டத்தைப்போல் 30 மடங்கு தொலைவில். 1 செ.மீ. பூமிக்கு நிலவை 30 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். அதே படத்தில் பூமியின் பாதைக்கும் செவ்வாயின் பாதைக்கும் இடைவெளி வெறும் 5 செ.மீ.தான். நிலவைச் சரியாக வைத்தால் அது செவ்வாயைத் தாண்டிப் போய் நிற்கும். ஒன்றைப் பெரிதாக்கினால் மற்ற எல்லாம் குலைந்துவிடும். ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

வெட்டி ஒட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் பருமன், தூரம் எல்லாவற்றையும் கி.மீ.யில் ஒரே வரிசையாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுங்கள். 1,000 கோடியால் வகுத்தால் சூரியன் 13.9 செ.மீ., பூமி 1.3 மி.மீ., இரண்டுக்கும் இடையே 15 மீட்டர். நிலவு பூமியிலிருந்து 3.8 செ.மீ., வியாழன் சூரியனிலிருந்து 78 மீட்டர், நெப்டியூன் 450 மீட்டர். அவ்வளவு வெளி கிடைக்கவில்லையா? நெப்டியூனை விட்டுவிடுங்கள், விகிதத்தைத் தொடாதீர்கள். பூமி கண்ணுக்குத் தெரியாது என்ற கவலை இருந்தால் குண்டூசித் தலையை வைத்து, அம்புக்குறியும் பெயர்ப்பலகையும் பெரிதாகப் போடுங்கள். ஸ்டாக்ஹோமில் சூரியனை வைத்துத் தொடங்கும் ஸ்வீடன் சூரியக் குடும்ப மாதிரியின் விகிதம் 1:2 கோடி. அங்கே பூமி சுமார் 65 செ.மீ.; ஆனால் சூரியனிலிருந்து ஏழரை கி.மீ. தள்ளி இருக்கிறது.

விண்மீன்களின் இடைவெளியையே திரள்களுக்கும் போடுவது

சூரியனுக்கும் அடுத்த விண்மீனான புராக்சிமா சென்டாரிக்கும் இடையே ஏறக்குறைய 2.9 கோடி சூரியன்களை வரிசையாக அடுக்கலாம். நம் திரளான பால்வீதியின் விட்டம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு, பக்கத்துப் பெருந்திரளான ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில். நடுவே 25 பால்வீதிகள்தான் அடங்கும்! விண்மீன்கள் தனித்தனியே கிடக்கின்றன, திரள்களோ தங்கள் பருமனை வைத்துப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. திரள்கள் மோதிக்கொள்வது இதனால்தான்; அந்த மோதலிலும் விண்மீனோடு விண்மீன் முட்டுவது மிக மிக அரிது. படத்தில் ஆண்ட்ரோமெடாவை எங்கோ மூலையில் சிறு புள்ளியாகப் போட்டால் இந்த அற்புதமே காணாமல் போகிறது.

அண்டத்தின் ஆரம் 1,380 கோடி ஒளியாண்டு

இல்லை. அது வயது. வெளி விரிந்துகொண்டே வந்ததால், நாம் காணக்கூடிய அண்டத்தின் ஆரம் சுமார் 4,650 கோடி ஒளியாண்டு.

அணுவைச் சூரியக் குடும்பம்போல் வரைவது

நெப்டியூன் பாதையின் விட்டம் சூரியனின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 6,500 மடங்கு. ஹைட்ரஜன் அணு தன் புரோட்டானைப்போல் 60,000 மடங்கு. கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். எலக்ட்ரானுக்கு இதுவரை பருமன் எதுவும் அளக்கப்படவில்லை. அப்படி ஒரு பருமன் இருந்தாலும் அது 10⁻¹⁸ மீட்டருக்கும் கீழே என்பது மட்டுமே சோதனைகள் சொல்வது. எனவே அதைப் பந்தாக வரையாதீர்கள். நடுவில் அடர்ந்து வெளியே மங்கும் மேகமாகப் போடுங்கள்.

அடுக்குப் பட்டையில் எண் போடாமல் விடுவது

புரோட்டானிலிருந்து அண்டம்வரை ஒரே பட்டையில் காட்ட, 10⁻¹⁵ மீட்டரில் தொடங்கி 10²⁷ மீட்டர்வரை, படிக்குப் பத்து மடங்காக, 42 படிகள் வேண்டும். படிக்கு 10 செ.மீ. என்றால் 4.2 மீட்டர். எல்லாப் படியும் சம நீளமாகத் தெரிவதால் பார்ப்பவர் தூரமும் சமம் என்றே எடுத்துக்கொள்வார். 1 கி.மீ.க்கும் 100 கோடி கி.மீ.க்கும் நட்டநடுவே இந்தப் பட்டையில் நிற்பது 50 கோடி அல்ல, வெறும் 31,600 கி.மீ. ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அதன் அளவையும், "முந்தையதைப்போல் 10 மடங்கு" என்பதையும் எழுதிவிடுங்கள்.