அதிகாரி ஆகப் போகிற தம்பிக்கு: முதலில் சிப்பாய்ப் பாடம்

தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பையன்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "மாஸ்டர், ஆபீசர் ஆவணும். மொதல்ல சிப்பாயா சேந்து டிரெய்னிங் முடிச்சிட்டுப் போனா நல்லதா?"

நான் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு) மையத்தில் ரிக்ரூட்டாக, அதாவது பயிற்சிச் சிப்பாயாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே ரிக்ரூட்டுகளுக்கு உஸ்தாதாக, அதாவது பயிற்சியாளராக இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அதிகாரி ஆகப் போகிற எவரும் சிப்பாய்ப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதை உடம்பால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஆனால் அதற்காக, சிப்பாய்களை 4 ஆண்டுக்கு எடுக்கும் அக்னிவீர் திட்டத்தில் சேர்ந்து, அங்கிருந்து அதிகாரி ஆகிவிடலாம் என்று கணக்குப் போடாதே. அந்தக் கணக்கில் வயது போய்விடும்.

முதலில் வயதைப் பார்

பிளஸ் டூ படிக்கிறாயா, வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்கிறதா? அப்படியென்றால் வேறு யோசனையே வேண்டாம், யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுது. ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. தேறினால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் 3 ஆண்டு, தரைப்படை என்றால் அதன் பிறகு டேராடூனில் ஐஎம்ஏவில் (இந்திய ராணுவ அகாடமி) 1 ஆண்டு. பட்டம் முடிக்கப் போகிறவர்களுக்கு யுபிஎஸ்சியின் சிடிஎஸ் என்கிற அதிகாரித் தேர்வு. அதில் ஒரு கதவு டேராடூனுக்கு, இன்னொன்று நம் பரங்கிமலையில் 1963 முதல் இருக்கும் ஓடிஏவுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி). பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரம். அங்கே பயிற்சி 49 வாரம். என்சிசி 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரடியாக எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல் உண்டு. கல்லூரியில் முதல் ஆண்டிலேயே என்சிசியில் சேராதவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓடிஏவில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். என்டிஏ 2022ல் திறந்துவிட்டது.

வீட்டில் பணம் உடனே வேண்டும் என்ற நிலை இருந்தால் அக்னிவீர் கௌரவமான வழி. 4 ஆண்டு, முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதத்தை, சேவை முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் பிடித்துக்கொண்டு 21,000 கைக்கு வரும். ஆனால் 4 ஆண்டு முடிந்ததும் படையில் தொடர்பவர்கள் 25 சதவீதம் வரைதான். சிப்பாயாக இருந்து அதிகாரி ஆகும் ஏசிசி (ஆர்மி கேடட் காலேஜ்) வழிக்குக் குறைந்தது 2 ஆண்டு சேவை, பிளஸ் டூ தேர்ச்சி, 20 முதல் 27 வரை வயது கேட்பார்கள். எழுத்துத் தேர்வும் எஸ்எஸ்பியும் தாண்டினால் டேராடூனில் 3 ஆண்டு ஏசிசி, மேலும் 1 ஆண்டு ஐஎம்ஏ. அப்படி வந்த அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன், அருமையானவர்கள். ஆனால் அது ஏற்கெனவே படையில் இருப்பவனுக்கான ஏணி. 18 வயதில் என்டிஏ எழுதும் வாய்ப்பு கையில் இருக்கும்போது அதைத் தேடிப் போகாதே.

அப்படியானால் சிப்பாய்ப் பயிற்சி எதற்கு?

கார்டு டூட்டியை, அதாவது காவல் நிற்பதை எடுத்துக்கொள். 2 மணி நேரம் நிற்க வேண்டும், 4 மணி நேரம் ஓய்வு, இப்படியே 24 மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் வேலை. இரவு 12 முதல் 2 வரை நின்றவன் அடுத்தவனிடம் பொறுப்பை ஒப்படைத்து, வந்து சாயும்போது இரண்டரை ஆகிவிடும். பூட்ஸைக் கழற்றக் கூடாது. ஐந்தரைக்கு மறுபடி எழுப்புவார்கள். இதை நின்று பார்த்த லெப்டினன்ட், கார்டிலிருந்து இறங்கியவனை அன்று காலை வெடிமருந்து வகுப்பில் உட்கார வைக்க மாட்டார். நின்று பார்க்காதவர் உட்கார வைப்பார், கண் சொருகினால் சோம்பேறி என்று தண்டனையும் கொடுப்பார். சாப்பர்ஸில் வெடியைத் தூண்டும் டெட்டனேட்டரைக் கையால் தொட வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவனிடம் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"அகாடமியிலும் ரகடா (தண்டனையாகக் கசக்கிப் பிழிவது) உண்டே மாஸ்டர்" என்பார்கள். உண்டு, கடுமையாகவே உண்டு. ஆனால் கேடட்டுக்கு, தான் ஒருநாள் தோளில் நட்சத்திரம் வைக்கப் போவது தெரியும். அவனுக்கு மெஸ்ஸில் பரிமாற ஆள் உண்டு. ரிக்ரூட் லங்கரில் (சிப்பாய்களின் பொதுச் சமையல்கூடம்) வரிசையில் நின்று சாப்பிட்டு, தன் தட்டைத் தானே கழுவி, உஸ்தாத் விசில் அடிப்பதற்குள் ஃபால்-இன் ஆக (அணிவகுத்து நிற்க) வேண்டும். ஆணை ஏன் வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் நின்றவனுக்கே, தான் ஆணை கொடுக்கும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பது புரியும்.

சில நாடுகளில் இதுவே வழக்கம். இஸ்ரேலில் எல்லோரும் சாதாரணச் சிப்பாயாக நுழைகிறார்கள். அவர்களிலிருந்துதான் அதிகாரிப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் அடிப்படைப் பயிற்சி முடித்த பிறகே அதிகாரிப் பள்ளிக்குத் தேர்வாகிறார்கள். அமெரிக்காவில் பட்டம் முடித்து நேராக அதிகாரிப் பள்ளிக்குப் போகிறவன் முதலில் 10 வாரம் சிப்பாய்களோடு புழுதியில் புரள வேண்டும். ஆனால் அங்கேயே வெஸ்ட் பாயிண்ட் வழியில் வருகிறவனுக்கு அது இல்லை. பிரிட்டனில் இல்லை, அவர்களைப் பார்த்து அமைத்த நம்மிடமும் இல்லை. என் ஆசை என்னவென்றால், கடக்வாஸ்லாவுக்கோ பரங்கிமலைக்கோ தேர்வான ஒவ்வொருவரையும் முதலில் 10 வாரம், மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி நடக்கும் நீலகிரி வெலிங்டன் மாதிரி ஒரு ரெஜிமெண்ட் மையத்தில் ரிக்ரூட்டுகளோடு ஒரே பேரக்கில் (சிப்பாய்கள் தங்கும் கூடம்) விட வேண்டும், அவன் யார் என்பது உஸ்தாதுக்குக்கூடத் தெரியக் கூடாது.

அந்த விதி வரும்வரை நீயாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்தபடியே என்ன செய்வது

ஓடுவதைக் கண்டெய்னர் லாரி போகிற எண்ணூர் சாலையில் வைத்துக்கொள்ளாதே. இருட்டில் டிரைவருக்கு நீ தெரிய மாட்டாய். மைதானத்தில் ஓடு. சிப்பாய் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண், 10 புல்-அப், 9 அடிப் பள்ளம் தாண்டணும். அதிகாரிக்கு இது கேட்கப்படாவிட்டாலும் இதையே உன் அளவாக வைத்துக்கொள். நாளைக்கு உன் கீழ் இருக்கும் சிப்பாய்களில் உன்னைவிட வேகமாக ஓடுகிறவன் அதை நிச்சயம் கவனிப்பான்.

ஓட்டத்தைவிட முக்கியம், ஒருவர் கீழே கூலிக்கு வேலை பார்ப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உனக்கும் கோடை லீவு. காசிமேட்டில் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கும் நேரம் அது. தெரிந்தவர் யாரிடமாவது சேர்ந்து சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, வலை இழுத்துப் போடுவது என்று சொன்ன வேலையைச் செய். எதிர்த்துப் பேசாதே. நல்ல மேஸ்திரி எப்படிப் பேசுகிறார் என்று கவனி. யாரை எந்த வேலையில் விடுகிறார், யாரை வெயிலிலிருந்து முதலில் இறக்குகிறார், தவறு செய்தவனை எல்லோர் முன்னாலும் திட்டுகிறாரா, தனியாகக் கூப்பிடுகிறாரா. ராத்திரி வீட்டுக்கு வந்து அதை எழுதி வை. புத்தகத்தில் கிடைக்காத பாடம்.

என்சிசி முகாமில் இரவு காவலும் சமையல் கூடத்து ஃபட்டீக்கும் (எடுபிடி வேலை) யாருக்கும் பிடிக்காது. நீ கேட்டு வாங்கிக்கொள். இந்தி பேசப் பழகு, அசிங்கமாகப் பேசினாலும் பரவாயில்லை. சீக்கியப் படைப்பிரிவுக்குப் போனால் பஞ்சாபியும் கற்க வேண்டியிருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வருகிற வடக்கத்தி அதிகாரி தமிழோ மலையாளமோ கற்றுக்கொள்கிறாரே.

இது எஸ்எஸ்பியிலும் உதவும். 5 நாள் தேர்வில் கமாண்ட் டாஸ்க் என்று ஒன்று வரும். தலைவனாக ஒருவனை நிறுத்தி, உதவிக்கு ஆள் எடுக்கச் சொல்வார்கள். பல பையன்கள் தங்கள் முறைக்கு மட்டும் விழித்திருப்பார்கள். அடுத்தவன் உன்னைக் கூப்பிட்டால் அவன் சொன்ன கயிற்றைச் சொன்ன இடத்தில் கட்டு, உன் யோசனையை ஒரு முறை சொல்லு, அவன் வேண்டாம் என்றால் விடு.

முதல் யூனிட்டில்

பல யூனிட்களில் புதிதாக வருகிற லெப்டினன்டைச் சில வாரம் ஜவான்களோடு பேரக்கில் தங்க வைக்கும் பழக்கம் உண்டு. உன் யூனிட்டில் வைத்தால் சந்தோஷமாகப் போ. வைக்காவிட்டால் கம்பெனி சுபேதாரிடம் நீயே கேள். அவரை "சாப்" என்றுதான் கூப்பிட வேண்டும், உன்னைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். லங்கரில் சாப்பிடு, கார்டில் நில்லு, அதுவும் 12 முதல் 2 வரையிலான ஷிப்டைக் கேட்டு வாங்கு.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். ஒவ்வொரு ஜவானுக்கும் ஒரு பக்கம்: பெயர், ஊர், வீட்டில் யார் யார், கடைசியாக எப்போது லீவில் போனான். லீவுப் பட்டியல் கையெழுத்துக்கு வரும்போது முதலில் அந்த நோட்டைத் திற, பிறகு பேனாவை எடு.