புரமோஷன் வேண்டாம் என்பவர்கள் செய்யும் தவறுகள்

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் சாப்ட்வேர் வேலையில் 10 வருடம் தாண்டியவரைச் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள்: "இன்னும் மேனேஜர் ஆகலீங்களா?" புரோகிராம் எழுதுவதுதான் பிடிக்கிறது, ஆட்களைக் கட்டி மேய்ப்பது ஆகாது என்று முடிவெடுப்பதில் ஒரு குறையும் இல்லை. எடுத்த முடிவை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, வாயே திறக்காதது. அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், நீங்கள் சும்மா இருந்தால், 'மேலே போகத் தகுதி போதவில்லை' என்றுதான் பதிவாகும். "அடுத்த 2 வருடம் சீனியர் இன்ஜினியராகவே தொடர விரும்புகிறேன், இன்ன மாட்யூல் முழுக்க என் பொறுப்பு" என்று நேரில் பேசிவிட்டு மெயிலிலும் போடுங்கள். மேனேஜர் மாறிப் போனால் அந்த மெயில்தான் கையில் இருக்கும். சில கம்பெனிகளில் கீழ் கிரேடுகளில் (பதவிப் படிகளில்) இத்தனை வருடத்துக்குள் மேலே போயாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. அதை ஹெச்ஆரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய அடி விழுவது சம்பளத்தில். பல கம்பெனிகளில் ஒவ்வொரு கிரேடுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. அதை நெருங்க நெருங்க இன்கிரிமென்ட் சுருங்கும். 1 லட்சம் சம்பளம் வருடம் 4% ஏறினால் 10 வருடத்தில் சுமார் 1,48,000. விலைவாசி 6% ஏறினால், இன்று 1 லட்சத்தில் நடக்கிற குடும்பத்துக்கு அன்று 1,79,000 வேண்டும். சம்பளம் ஏறியும் வாங்கும் சக்தி 17% போயிருக்கும். உங்கள் கிரேடின் உச்சம் எவ்வளவு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். மேனேஜர் ஆகாமலே ஸ்டாஃப், பிரின்சிபல் என்று போகும் தனிப்பாதை சில இடங்களில் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

பதவியை மறுத்தும் டீம் லீடு வேலை மட்டும் வந்து சேர்வது இன்னொன்று. இன்டர்வியூ எடுப்பது, எஸ்டிமேட் போடுவது, ராத்திரி கால் அட்டெண்ட் பண்ணுவது எல்லாம் "அனுபவம் இருக்குதுங்களே" என்று தலையில் ஏறும். இரண்டு வாரம் காலண்டரில் மணிக்கணக்கைக் குறித்து மேனேஜரிடம் காட்டுங்கள். எண் இல்லாத புலம்பல் எடுபடாது.

பதவி நின்றாலும் கற்பது நிற்கக் கூடாது. வெப் பக்கங்கள் எழுதப் பயன்பட்ட ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பரோடு ஆதரவு முடிந்தது. அதை மட்டுமே நம்பி இருந்தவர்களுக்கு, அதே கிரேடில் வேறு இடம் தேடுவதே கஷ்டமானது. கோவையில் பெங்களூரு அளவுக்கு வாய்ப்புகளும் இல்லை.

சோர்வை விருப்பமாக நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. ஒரு மோசமான பிராஜெக்ட்டில் நொந்துபோய் "எதுவுமே வேண்டாம்" என்று தோன்றினால், முதலில் டீம் மாறிப் பாருங்கள். பதவியைப் பற்றி ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம்.

கடைசியாக வீட்டுக் கணக்கு. 50 லட்சம் வீட்டுக்கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400. தோட்டமோ தறியோ வருமானம் தரும் குடும்பத்துக்கும், சம்பளம் ஒன்றையே நம்பும் குடும்பத்துக்கும் இந்தத் தொகையின் பாரம் ஒன்றல்ல. கணவனும் மனைவியும் தாளில் எழுதிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மேனேஜரிடம் பேசப் போங்கள்.